மீன்கொத்திக்கு ஒரு மதர்போர்டு

ஜகத்தாத்ரி பூஜைக்குப் பதினேழு நாள் இருக்கும்போது எங்கள் பட்டறைக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. செத்துப்போச்சு என்று சொன்னது என் கணவர் சுபிமல். "தானா சாகல, யாரோ கொன்னிருக்காங்க" என்றேன் நான்.

வங்காளத்துச் சந்தன்நகரில் விளக்கு வேலை செய்கிற குடும்பம் எங்களுடையது. மூங்கில் சட்டத்தில் ஆயிரக்கணக்கான சின்ன விளக்குகளைக் கட்டி, மயில் ஆடுவது போலவும் ரயில் ஓடுவது போலவும் பூஜை நாட்களில் தெருவில் நிறுத்துவோம். சட்டம் அடிப்பதும் கம்பி கட்டுவதும் ஆட்களை மேய்ப்பதும் சுபிமல் பொறுப்பு. எந்த விளக்கு எந்த நொடியில் எரிந்து எந்த நொடியில் அணைய வேண்டும் என்று கட்டம் கட்டமாக வரைந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது நான். அந்த வருடம் பாக்பஜார் பூஜைக் கமிட்டிக்கு ஒரு மீன்கொத்தி ஒப்புக்கொண்டிருந்தோம். பதினெட்டு அடி. கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும், குளத்தில் பாயும், தண்ணீர் சிதறும், வாயில் மீனோடு மேலே வரும்.

கம்ப்யூட்டர் பதினான்கு வருடப் பழசு. அதன் வயிற்றில் இரண்டு நீளக் கார்டுகள் செருகியிருக்கும். ஒன்று பறவைப் பாதிக்கு, ஒன்று தண்ணீர்ப் பாதிக்கு. விளக்குகளுக்குக் கட்டளை போவதெல்லாம் அவற்றின் வழியாகத்தான். அவற்றைச் செய்துகொடுத்த இன்ஜினியர் கனடாவுக்குக் குடிபோய், முதலில் கடிதத்தையும் பிறகு போனையும் நிறுத்திவிட்டார். இப்போது விற்கிற கம்ப்யூட்டர்களில் அந்தக் கார்டுகளைச் செருக இடமே கிடையாது. ஊரில் பாதிப் பேர் வேறு முறைக்கு மாறிவிட்டார்கள். நாங்கள் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே வந்தவர்கள்.

ரிப்பேருக்கு வந்தவன் நிதாய். நாற்பது வயது இருக்கும். ஊரில் முக்கால்வாசிக் கம்ப்யூட்டர்களுக்கு அவன்தான் வைத்தியன். என்னை முறை வைத்துப் 'பௌதி' என்று கூப்பிடுவான், அண்ணி என்பதுபோல. பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினான்.

"பாருங்க பௌதி. இந்த அஞ்சு கெபாசிட்டரும் உச்சி உப்பியிருக்கு. ரெண்டு வெடிச்சே போச்சு. போர்டும் கருகியிருக்கு. மதர்போர்டு மாத்தணும்."

நான் போர்டைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். எட்டு நாள் முன்னால் தூசி தட்டுகிறேன் என்று வந்தவன் இவன்தான். அன்று நான் கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து விசாரித்ததில், இரண்டு மணி நேரம் தனியாக உள்ளே இருந்திருக்கிறான் என்று தெரிந்தது. தூசி தட்ட இரண்டு மணி நேரமா? அதற்கு முந்தின வாரம், குளத்துக்கு அந்தப் பக்கம் பலாய் பிராமாணிக் பட்டறை வாசலில் மண்கோப்பையில் டீ குடித்துக்கொண்டு நின்றவனையும் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன்.

பலாய் பிராமாணிக்கும் எங்கள் தொழில்தான். இரண்டு வருடம் முன்னால் நான் ஒரு மான் செய்தேன். மூன்றே வாரத்தில் கிருஷ்ணநகரில் அவனுடைய மான் ஓடியது.

அன்றும் நான் அந்தப் பேச்சை எடுத்ததும் சுபிமல் தலையில் கை வைத்துக்கொண்டார். "மான்னா எல்லா மானும் அப்படித்தான் காலத் தூக்கும், கேதகி."

"முன்னங்கால மடக்கறதுக்கு முன்னாடி அரை நொடி நிறுத்தினேன். அந்த அரை நொடி என்னோடது. அது எப்படி அவன் மானுக்கு வந்துச்சு?"

"மான்கிட்டயே போய்க் கேளு."

நிதாய் இதைக் கேட்டும் கேட்காதவன் மாதிரி திருகாணிகளை ஒரு மூடியில் போட்டுக்கொண்டிருந்தான். "கொல்கத்தா சாந்தினி மார்க்கெட்ல தேடிப் பார்க்கலாம். கார்டு, பிராசஸர் எல்லாத்தையும் குடுங்க, நான் போய்ச் சேர்த்து வச்சுப் பார்த்து வாங்கிட்டு வரேன்."

"நானும் வரேன்."

"கூட்டம், வெயில்..."

"வெயில் எனக்குப் புதுசில்ல. அப்புறம் நிதாய், இது ஊர்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. கமிட்டிக்காரங்க காதுக்குப் போனா அட்வான்ஸத் திருப்பிக் கேப்பாங்க."

"என் வாயிலேர்ந்து வராது பௌதி."

இதே வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஹவுரா லோக்கலில் கிளம்பினோம். இரண்டு கார்டுகளையும் பிராசஸரையும் மெமரியையும் வெள்ளித்தாளில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து மடியில் வைத்திருந்தேன். ஸ்ரீராம்பூரில் கூட்டம் ஏறியது. "குடுங்க, மேல தட்டுல வைக்கிறேன்" என்றான் நிதாய். "இங்கயே இருக்கட்டும்" என்றேன். அவன் ஜால்முரி என்கிற காரப்பொரி வாங்கி ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினான்.

"சாப்பிடுங்க பௌதி. விஷம் கலக்கல."

சிரித்தேன். ஆனாலும் அவன் வாயில் போட்ட பிறகுதான் நான் போட்டேன்.

சாந்தினியில் முதல் கடை நான் கேள்விப்பட்டது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. உரிமையாளர் சந்தன நிறச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நான் கார்டை எடுத்துக் காட்டியதும் கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பெட்டி. வந்ததுமே என்னை அக்காவாக்கி 'திதி' என்றார்.

"இந்தாங்க திதி. புத்தம் புது போர்டு. நீங்க கேக்கற ரெண்டு வெள்ளை ஸ்லாட்டும் இருக்கு. பிராசஸர், மெமரி சேர்த்து செட்டாவே குடுத்துடறேன். ஒரு வருஷம் வாரண்டி."

மனசு நிறைந்துவிட்டது. நிதாய் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல செஞ்ச கம்பெனி பேரே இல்லையே?"

"இறக்குமதி. அதுல அப்படித்தான் இருக்கும்."

நிதாய் உறையைப் பிரிக்கச் சொல்லி, போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான். மூக்கிடம் கொண்டுபோய் முகர்ந்தான். பிறகு என்னைக் கடை ஓரமாக அழைத்து மெல்லிய குரலில் சொன்னான்.

"வேணாம் பௌதி. போர்டுதான் புதுசு, மேல இருக்கற சிப்பு பழசு. எழுத்தத் தேய்ச்சுட்டு மறுபடி அடிச்சிருக்கான். அதகூட விடுங்க. இந்த ரெண்டு வெள்ளை ஸ்லாட்டும் நேரா போகல. நடுவுல ஒரு சின்ன சிப்பு தரகன் மாதிரி உக்காந்திருக்கு. இந்தப் பக்கம் சொன்னத அந்தப் பக்கம் மாத்திச் சொல்லும். உங்க பழைய கார்டுக்கு அந்தப் பேச்சு புரியாது."

"புரியாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்தத் திருப்பல்தான் என்னை அரித்தது. புதுசு வேண்டாம் என்கிறான், வாரண்டி வேண்டாம் என்கிறான். எதற்காக?

அடுத்து அவன் அழைத்துப்போனது ஒரு சந்துக்குள். இத்ரீஸ் பாய் என்பவரின் கடை. கடை என்பதைவிடக் குவியல் என்று சொல்லலாம். தரையிலிருந்து தோள் உயரத்துக்குப் பழைய போர்டுகள், புத்தகங்களை அடுக்கியதுபோல. அவருக்கு வெள்ளைத் தாடி, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பெரிதாக்கிக் கண்ணாடி. நிதாய் கேட்காமலேயே அடுக்குக்குள் கைவிட்டு ஒன்றை உருவினான். எங்கள் செத்த போர்டின் அதே சாயல், அதே நீலம். ஸ்லாட்டுகளின் இடுக்கில் தூசி அடைந்து கிடந்தது.

"இது அழுக்கா இருக்கே" என்றேன்.

"அழுக்கா இருக்கறத நம்பலாம் பௌதி. ரிப்பேர் பண்ணி விக்கறவன் தின்னர்ல கழுவி வப்பான். இது ஏதோ ஆபீஸ்ல ஏசில இருந்து அப்படியே கழட்டினது. இங்க பாருங்க, திருகாணி ஓட்டையச் சுத்தி ஒரே ஒரு வளையத் தேய்மானம். ஒரே தடவதான் மாட்டியிருக்கான்." டார்ச் அடித்து பிராசஸர் உட்காரும் இடத்தைப் பார்த்தான். மயிரிழை ஊசிகள் காடாக நின்றன. "ஒரு ஊசிகூட மடங்கல."

நன்றாகத்தான் பேசினான். நானும் கிட்டத்தட்ட இறங்கி வந்துவிட்டேன். அப்போதுதான் இத்ரீஸ் பாய் நிமிர்ந்து, தன்போக்கில் கேட்டார்.

"என்ன நிதாய், மறுபடியும் அதே மாடலா? வியாழக்கிழமைதான ஒண்ணு தூக்கிட்டுப் போன? ஊர்ல எல்லாருக்கும் ஒரே வியாதியா?"

நிதாயின் கை டார்ச்சோடு அப்படியே நின்றது.

எங்கள் கம்ப்யூட்டர் செத்தது சனிக்கிழமை. வியாழக்கிழமை இவனுக்கு எதற்கு அதே போர்டு?

"யாருக்கு வாங்கின?" என்றேன்.

"வேற ஒரு பார்ட்டி."

"வேற ஒருத்தர்கிட்டயும் இந்தப் பழசு கிடையாதுன்னு போன வருஷம் நீதான சொன்ன?"

"பௌதி, அது... சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதா, சொல்லக் கூடாதா?"

இத்ரீஸ் பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டெஸ்ட் பண்ணிக் காட்டட்டுமா?" என்றார்.

"நீங்க காட்ட வேண்டாம். எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்று டப்பாவை அணைத்துக்கொண்டு அந்தச் சந்திலிருந்து வெளியே வந்தேன். நிதாய் பின்னாலேயே ஓடி வந்தான்.

"பௌதி, கோபத்துல அந்தக் கண்ணாடிக் கடைக்கு மட்டும் போயிடாதீங்க."

"ஏன், அங்க உனக்குக் கமிஷன் கிடையாதா?"

தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சுருங்கியது. நின்ற இடத்திலேயே நின்றான். நான் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய் அந்தப் புது செட்டை வாங்கினேன். ஹவுரா போகும் பஸ்ஸில் ஏறும்போது பார்த்தேன், அவன் கூட வரவில்லை. நல்லதாகப் போச்சு என்று நினைத்தேன். நான் கூட இருந்ததால் பார்க்க முடியாமல் போன ஆளை இப்போது பார்க்கப் போயிருப்பான்.

புது போர்டை மாட்ட சுஞ்சுராவிலிருந்து சுபிமலின் ஒன்றுவிட்ட தம்பி தபஸை வரவழைத்தோம். பழைய டிஸ்க் புது போர்டில் எழும்பவில்லை. எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் முதலிலிருந்து ஏற்ற இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் பட்டறைக் கதவுகளைச் சாத்தி, சாக்குத் திரைகளை இறக்கி இருட்டாக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தோம்.

மீன்கொத்தி தலையைச் சாய்த்தது. கம்பி கட்டுகிற ஆட்கள் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பறவை பாய்ந்தது. தண்ணீர் சிதறவில்லை. குளம் இருட்டாகவே கிடந்தது. பறவை இருட்டுக்குள் போய், மீன் இல்லாத வாயோடு மேலே வந்தது. அது கிளையில் போய் உட்கார்ந்த பிறகு, ஆற அமர, குளத்தில் தண்ணீர் சிதறியது.

ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சுபிமல் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

தபஸ் கார்டுகளை இடம் மாற்றிப் பார்த்தார். இப்போது தண்ணீர் சரியாக வந்தது, பறவை திக்கியது. இரண்டாவது ஸ்லாட்டில் எந்தக் கார்டைச் செருகினாலும் அது இரண்டு நொடி தாமதமாகத்தான் காது கேட்டது. "நடுவுல ஒரு சிப்பு இருக்கு அண்ணி, அதுதான் சிக்கல் பண்ணுதுபோல" என்றார். அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன்.

கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தேன். "போர்டு வேல செய்யுதுல்ல திதி? உங்க கார்டு பழசுன்னா அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்று வைத்துவிட்டார்.

பூஜைக்குப் பதினோரு நாள். வேறு வழியில்லாமல் தனியாகவே மறுபடியும் சாந்தினிக்குப் போனேன். இத்ரீஸ் பாய் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"அந்த நீல போர்டு வேணும்" என்றேன்.

"அது அன்னிக்கே போயிடுச்சேம்மா. நீங்க போய் அரை மணி நேரம்கூட ஆகல, உங்ககூட வந்தாரே, அவரே வந்து எடுத்துட்டுப் போயிட்டார். அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. தேடித் தரேன், ஆனா ஒரு மாசம் ஆகும்."

ஒன்று இல்லை, இரண்டு! வியாழக்கிழமை ஒன்று, என் கண்ணெதிரே இன்னொன்று. பலாய்க்கு ஒன்று. மற்றது எங்களுக்குக் கிடைக்காமல் இருக்க. எல்லாம் கணக்காகப் பொருந்தியது. ரயிலில் திரும்பும்போது முழு வழியும் அவனிடம் என்ன கேட்பது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஸ்டேஷனிலிருந்து ரிக்‌ஷாவை நேராக கோந்தல்பாடாவுக்கு விடச் சொன்னேன். சணல் ஆலைக்குப் பின்னால் நிதாயின் வீடு. மதியச் சாப்பாட்டு நேரம். அவன் மனைவி கதவைத் திறந்து, "வாங்க, உள்ள வேலையா இருக்கார்" என்று வழிவிட்டாள். முன்னறையில் சுவர் முழுக்க அலமாரி. மேஜை மேல் அந்த நீல போர்டு. பக்கத்தில் சூடு ஆறாத சால்டரிங் கம்பி. அலமாரியில் வரிசையாக டிஸ்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. நான்காவது டிஸ்கில் 'கே. நந்தி' என்று எழுதியிருந்தது. என் பெயர்.

ரயிலில் தயார் செய்திருந்த கேள்விகளை விட்டுவிட்டேன்.

"இது என்ன?" என்று டிஸ்கைக் கையில் எடுத்தேன்.

நிதாய் எழுந்து நின்றான். "உங்க டிஸ்கோட காப்பி."

"என் மான், மயில், எல்லாமே இதுல இருக்கா?"

"இருக்கு."

"எப்ப எடுத்த?"

"தூசி தட்ட வந்தேனே, அன்னிக்கு. அதுக்குத்தான் அவ்வளவு நேரம் ஆச்சு."

"என்னக் கேக்காம?"

"தப்புதான்." தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தான். "பெட்டியத் தொறந்தப்பவே பார்த்தேன் பௌதி, கெபாசிட்டர் உப்ப ஆரம்பிச்சிருந்துச்சு. போர்டு போறப்ப சில சமயம் டிஸ்கையும் இழுத்துட்டுப் போகும். அதான் எடுத்து வச்சேன்."

"அன்னிக்கே சொல்றதுக்கு என்ன? ரெண்டு வாரம் முன்னாடியே மாத்தியிருப்போமே!"

"போன வருஷம் பவர் சப்ளை வீக்கா இருக்குன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? வேலை இல்லாதப்பல்லாம் நிதாய்க்கு எங்க கம்ப்யூட்டர்ல நோய் தெரியும்னு ஆறு ஆளுங்களுக்கு முன்னாடி சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. இந்தத் தடவையும் அதத்தான் சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன். அதை அவனிடம் ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

"வியாழக்கிழமை வாங்கின போர்டு யாருக்கு?"

"அத நான் சொல்ல மாட்டேன்."

"பலாய்க்கா?"

"பௌதி," என்றான் பொறுமையாக, "உங்க கம்ப்யூட்டர் போயி ஆறு நாளாச்சு. ஊர்ல ஒருத்தராவது உங்ககிட்ட வந்து கேட்டாங்களா? கமிட்டிலேர்ந்து யாராவது போன் பண்ணாங்களா? குளத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு சிரிப்புச் சத்தமாவது வந்துச்சா?"

வரவில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் ஒரு பல்பு ஃப்யூஸ் ஆனாலே சாயங்காலத்துக்குள் ஸ்டேஷன் டீக்கடையில் பேச்சாகிவிடும். இது மட்டும் வெளியே போகவே இல்லை.

"உங்களுத எப்படி நான் வெளிய சொல்லலையோ, அப்படித்தான் மத்தவங்களுதும். அவங்களும் யார்கிட்டயும் சொல்லாதன்னு கையப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாங்க. அந்தத் தரகு சிப்பு ஒத்துவராதுன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டீங்களே, அவங்க வேலைல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். அதச் சொன்னா அவங்களச் சொன்ன மாதிரி ஆயிடும். அதான் வாய மூடிக்கிட்டேன்."

அவன் மனைவி இரண்டு தட்டில் சந்தேஷ் இனிப்பும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தவள், எங்கள் முகங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

"இந்த ரெண்டாவது?" என்று மேஜையைக் காட்டினேன்.

"உங்களுக்குத்தான். கண்ணாடிக் கடை போர்டு ஓடாதுன்னு தெரியும். நீங்க திரும்பி வரதுக்குள்ள வேற எவனாவது தூக்கிட்டான்னா உங்க மீன்கொத்தி அவ்வளவுதான். அதான் எடுத்து வச்சேன்."

"அத உடனே வந்து சொல்லியிருக்கலாமே?"

"கமிஷன்னு சொன்னீங்க" என்றான். "தெருவுல."

நான் டிஸ்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவன் தடுக்கவில்லை.

"வேற காப்பி வச்சிருக்கியா?"

"இல்லன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க?"

எழுந்தேன். "வா, மாட்டிக் குடு. நேரம் இல்ல" என்றேன். அதுதான் என்னால் முடிந்த மன்னிப்பு. அவனுக்கு அது போதவில்லை.

"வரேன். ஆனா நான் தொட மாட்டேன். நாளைக்கு ஒரு விளக்கு எரியலைன்னாலும் நிதாய் கை வச்சான்னு சொல்வீங்க. நீங்களே மாட்டுங்க. நான் சொல்றேன்."

"எனக்கு என்ன தெரியும்?"

"பதினெட்டு அடிப் பறவைக்கு அரை நொடி பிசகாம கட்டம் வரையறீங்க. இது அதவிடச் சின்ன வேலைதான்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். பட்டறைக்கு வந்து இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு மேஜைக்கு இரண்டடி தள்ளி நின்றுவிட்டான். சுபிமல் அவனையும் என்னையும் பார்த்துவிட்டு, "ஏதோ பேசி முடிச்சிருக்கீங்கபோல, நான் வரல" என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு டீக்குப் போனார்.

கண்ணாடிக் கடைப் போர்டைக் கழற்றி ஓரமாக வைத்தேன். நீல போர்டைக் கையில் எடுத்ததும் கண் தன் வேலையைத் தொடங்கியது. ஓரத்தில் ஒரே ஒரு கெபாசிட்டர் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது.

"இது மட்டும் ஏன் பச்சை?"

"நான் மாத்தினேன். நீங்க வீட்டுக்கு வரதுக்குக் கொஞ்சம் முன்னாடி. லேசா உப்பின மாதிரி இருந்துச்சு."

"அன்னிக்கு இத நல்ல போர்டுன்னு சொன்னியே?"

"நல்ல போர்டுதான். ஒண்ணு சந்தேகமா இருந்துச்சு, மாத்திட்டேன். உங்களுக்கு மட்டும்தான் சந்தேகம் வரணுமா?"

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு குனிந்தேன்.

"பிராசஸர்ல ஒரு மூலைல முக்கோணக் குறி இருக்கும். போர்டுலயும் இருக்கும். ரெண்டும் ஒரே மூலைல வரணும். அழுத்தாதீங்க. சும்மா விடுங்க, தானா உக்காரும்." உட்கார்ந்தது. "இப்ப கொக்கிய இறக்குங்க. கறுக்குன்னு ஒரு சத்தம் வரும், பயப்படாதீங்க." சத்தம் வந்ததும் நான் பயந்து கையை எடுத்தேன். "வரும்னு சொன்னேன்ல!" என்று ஓரடி முன்னால் வந்தவன், நினைவு வந்து மறுபடியும் பின்னால் போனான். பிராசஸர் மேல் சூடு கடத்தும் பசை கடுகளவு. விசிறி நாலு மூலையும் எதிரெதிராக. மெமரி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். பெட்டிக்குள் போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொன்னான். ஒரு குமிழ் அதிகமாக இருந்தது. எடுத்துவிட்டேன். அது அங்கேயே இருந்திருந்தால் போர்டு அடியில் உரசி இன்னொரு முறை கருகியிருக்கும் என்றான். கண்ணாடிக் கடைப் போர்டுக்காகத் தபஸ் வைத்த குமிழ் அது.

கடைசியில் இரண்டு கார்டுகளையும் செருகினேன். பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. நான் திரும்பி அவனைப் பார்த்தேன். பழைய எண்ணம் ஒரு நொடியில் முழுசாகத் திரும்பி வந்தது, அவனும் அதைக் கண்டான்.

"மானிட்டர் சுவிட்சு" என்றான் வறண்ட குரலில்.

போட்டேன். வெள்ளை எழுத்துகள் ஓடின. பழைய டிஸ்க் ஒரு கேள்வியும் கேட்காமல் எழும்பியது. என் கட்டங்கள், என் வண்ணங்கள், விட்ட இடத்தில் விட்டபடி.

டீ குடித்துவிட்டு வந்த ஆட்கள் சாக்குத் திரைகளை இறக்கினார்கள். பறவை தலையைச் சாய்த்தது. பாய்ந்தது. அலகு தொட்ட அதே நொடியில் குளம் வெள்ளையாக வெடித்துச் சிதறியது. மீனோடு மேலே வந்தது. சுபிமல் கைதட்டினார். நான் திரும்பிப் பார்த்தபோது நிதாய் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

"டீ குடிச்சுட்டுப் போ."

"இன்னொரு நாள் பௌதி."

மூன்று நாள் கழித்துச் சாயங்காலம் கமிட்டிச் செயலாளர் அனாதி பாபு சோதனை பார்க்க வந்தார். மூன்று முறை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மீன் கொஞ்சம் பெரிசா இருந்திருக்கலாம்" என்றார். வேறு குறை சொல்லவில்லை. பூஜை நாலு நாளும், தசமி ஊர்வலத்திலும் மீன்கொத்தி ஒரு முறைகூடத் திக்கவில்லை. பலாயின் பட்டறையிலிருந்து ஒரு யானை வந்தது, நன்றாகவே இருந்தது. அதன் நடையில் என்னுடையது ஏதாவது இருக்கிறதா என்று ஊர்வலம் முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்தேன். இல்லை. இருந்தாலும் இன்னொரு முறை பார்த்தேன்.

தை மாதம் பிரின்டர் பழுதானது. நிதாய்க்கு நானே போன் செய்தேன். வருவானோ மாட்டானோ என்று இருந்தது. வந்தான். இந்த முறை கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளவில்லை. நான் வழக்கம்போல நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, எந்தத் திருகாணியை எங்கே வைக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியாது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு நிமிராமலேயே, "ஜன்னலை மறைக்கறீங்க பௌதி, கொஞ்சம் அந்தப் பக்கம்" என்றான்.

நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.